வாசல் தளத்தில் கத்தரிப்பூ நிற வண்டி

டெட்ராய்ட் பள்ளிப் பிள்ளைகளைக் கால் நூற்றாண்டுக்கு மேல் மஞ்சள் பேருந்தில் ஏற்றி இறக்கிய வெர்லீன், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இனி வாங்கப் போவது ஒரே ஒரு வண்டி. கை ஸ்டியரிங்கைப் பிடிக்கிற வரைக்கும் அதுதான். அதற்கு எட்டு சிலிண்டர் எஞ்சின் இருக்க வேண்டும். மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முக்கியமாக, பின்னால் உட்கார்ந்து எவனும் "மிஸ், இவன் என்னைக் கிள்ளுறான்" என்று கத்தக் கூடாது.

எட்டாம் மைல் சாலையில் பழைய வண்டி விற்கிற யல்டோவிடம் அப்படிப்பட்ட வண்டிகள் இரண்டு நின்றன. ஒன்று சிவப்பு மஸ்டாங், ஃபோர்டு கம்பெனி வண்டி, கையால் கியர் மாற்றுகிற வகை. மற்றது கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலஞ்சர். அகலமாக, அலட்டிக்கொள்ளாமல், மதியம் சாப்பிட்டு முடித்த பயில்வான் மாதிரி நின்றது. இரண்டையும் முன்பு வைத்திருந்தவர்கள் பனி உருக உப்புத் தூவிய குளிர்கால ரோட்டில் ஒரு நாளும் இறக்கியதில்லை. அடியில் துருவின் வாசனைகூட இல்லை.

வெர்லீன் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒன்றின் முன் நின்றால் மற்றது கூப்பிட்டது.

"மிஸ் வெர்லீன், இது ஓட்டிப் பாத்து வாங்குற வண்டி இல்ல," என்றான் யல்டோ. "குடும்பம் நடத்திப் பாக்கணும். இன்னிக்குச் சிவப்பைக் கொண்டு போங்க. நாளைக்கு அதைக் குடுத்துட்டு இதை எடுத்துட்டுப் போங்க. திங்கக்கிழமை வந்து எதுன்னு சொல்லுங்க."

"என்னை நம்பி ரெண்டையும் குடுக்கறியா?"

"சின்னப் பையனா உங்க பஸ்ல வந்தப்ப நீங்க என்னை நம்பி ஜன்னல் சீட்டு குடுத்தீங்களே."

"அந்த ஜன்னல்ல பபிள்கம் ஒட்டினவன் நீதானா?" என்று கேட்டுக்கொண்டே அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

அது ஆகஸ்ட் மாதம். உட்வர்ட் சாலையில் பழைய வண்டிகளும் புதிய வண்டிகளும் ஊர்வலம் போகிற வாரம். சனிக்கிழமை அன்று பெரிய ஊர்வலம். அதற்கு முன்னால் குடும்பம் முழுக்க அண்ணன் கிளியோபஸ் வீட்டில் கூடுவது வழக்கம். உட்வர்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்த அந்த வீட்டின் வாசலில், ரோட்டிலிருந்து கொல்லை வரைக்கும் ஒரு கான்கிரீட் தளம் ஓடும். ஃபோர்டு ஆலையின் வார்ப்புக்கூடத்தில் வேலை கிடைத்த வருஷம் அவர்கள் அப்பா தன் கையால் போட்ட தளம் அது. அதன் மேல் ஃபோர்டு வண்டி மட்டும்தான் நிற்கலாம். அப்பா வைத்த சட்டம். அப்பா போன பிறகு அதே ஆலையில் சேர்ந்து வேலை பார்த்த கிளியோ, அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பாவம், வெர்லீனின் கணவர் ஹார்லன். அவர் சேலஞ்சர் வண்டிகளைச் செய்கிற போட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய பிக்கப் தெருவில்தான் நிற்கும். தான் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு தெருக்கோடியிலிருந்து நடந்து வருவார். "நடக்கிறது நெஞ்சுக்கு நல்லது மச்சான்," என்பார், சிரித்துக்கொண்டே. ஆனால் அந்தச் சிரிப்பு வருஷா வருஷம் கொஞ்சம் தேய்ந்துகொண்டு வந்தது வெர்லீனுக்கு மட்டும் தெரியும்.

முதல் நாள் மஸ்டாங். அடடா, அது வண்டியா, கயிறு அறுத்துக்கொண்டு ஓடுகிற கன்றுக்குட்டியா! கியரைத் தட்டினால் தாவியது. வளைவில் போட்டால் சிரித்தது. வெர்லீனும் சிரித்தாள். ரயில் பாதை வந்தபோது, பேருந்து ஓட்டிய பழக்கம் விடவில்லை. தண்டவாளத்துக்கு முன்னால் நின்று, கதவைத் திறந்து, ரயில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். பள்ளிப் பேருந்துக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும். சிவப்பு மஸ்டாங்கில் வருகிறவர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை.

பின்னால் வந்த பெண் ஹாரனை அலற விட்டாள். "அம்மா, போகப் போறீங்களா, இறங்கப் போறீங்களா?"

உட்வர்டில் நெரிசல். கிளட்சை அமுக்கு, விடு, அமுக்கு, விடு. அரை மணி நேரத்தில் இடது முழங்கால் தனியாக வழக்கு பேச ஆரம்பித்துவிட்டது. வழியில் அண்ணி ஒடெஸ்ஸாவை ஏற்றிக்கொண்டு தேவாலயம் போகலாம் என்று நிறுத்தினாள். முன் இருக்கை முழுக்க வெர்லீன் வாங்கிய சாமான். ஒடெஸ்ஸா பின்னிருக்கையை எட்டிப் பார்த்தாள்.

"நான் என்ன மடிச்சு வைக்கிற நாற்காலியா? தலையை உள்ள விட்டா தொப்பி வெளிய நிக்குது. தொப்பியை உள்ள விட்டா நான் வெளிய நிக்கறேன்."

சாயங்காலம் முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள் வெர்லீன். முகத்தில் மட்டும் இளிப்பு.

"வலியா, சந்தோஷமா?" என்றார் ஹார்லன்.

"ரெண்டும்."

அப்போது பார்த்து அண்ணனிடமிருந்து போன். "பாப்பா! ஒரு மஸ்டாங் பாத்திருக்கியாமே? சிவப்பா? நான் கதவு மாட்டிக்கிட்டிருந்த வருஷத்து வண்டி அது. அந்தக் கதவை நானே மாட்டியிருப்பேன். யோசிக்காம எடு. சனிக்கிழமை என் வண்டிக்குப் பக்கத்துல, முன்னால, உனக்கு இடம் விட்டு வைக்கறேன்."

"இன்னும் ஒண்ணு பாக்கணும் அண்ணே."

"எதுக்குப் பாக்கணும்? ஓட்டல்ல எலும்புக்கறி சாப்பிட்டுட்டு வாசல்ல வந்து மெனுவைப் படிப்பியா?"

அந்த முன்னிடம் எது என்று அவளுக்குத் தெரியும். ஈரக் கான்கிரீட்டில் அப்பா அவளுடைய சின்னக் கையைப் பிடித்து அமுக்கிய இடம். ஐந்து விரலும் இன்னும் அங்கே பதிந்திருக்கின்றன.

மறுநாள் சேலஞ்சர். தாவவில்லை, கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிற மாதிரி நகர்ந்தது. பெருஞ்சாலையில் ஏறி ஒரு மிதி மிதித்தாள். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. வயிறு மட்டும் கொஞ்ச தூரம் பின்னால் ஓடி வந்து பிறகு சேர்ந்துகொண்டது. வெர்லீன் சத்தமாக ஆண்டவரைத் துதித்தாள்.

அதே ரயில் பாதை. அதே பழக்கம். நிறுத்தினாள், கதவைத் திறந்தாள், காது கொடுத்தாள். ரயில் எதுவும் வரவில்லை. ஆனால் எஞ்சின் தன் பாட்டுக்கு நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. பெரிய பானையில் மெல்லிய தீயில் பீன்ஸ் கொதிக்கிற மாதிரி, தளதளவென்று, அவசரமே இல்லாமல். அந்தச் சத்தம் செருப்பு வழியாக ஏறி, வலித்த முழங்காலைத் தடவிக் கொடுத்து, நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. அவளுக்குக் கதவை மூட மனம் வரவில்லை. பின்னால் ஒரு கிழவர் வந்து நின்றார். ஹாரன் அடிக்கவில்லை. தன் ரேடியோவை அணைத்துவிட்டு அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதுதான் என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துபோயிற்று.

ஒடெஸ்ஸாவை மறுபடி கூப்பிட்டாள். இறகு வைத்த அகலத் தொப்பியோடு பின்னிருக்கையில் ஏறிய ஒடெஸ்ஸா, காலை நீட்டி, சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு அண்ணி?"

"நான் இதுல ஏறவே இல்ல. கேட்டா அப்படித்தான் சொல்லுவேன்." கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவை சுத்திட்டு வா," என்றாள். இறங்கும்போது, "உங்கண்ணன்கிட்ட நீயேதான் சொல்லணும். என்னை இழுக்காத," என்றும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஹார்லன் பலகாரத் தட்டை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டே சொன்னார். "தெருவுல எம்பக்கத்துல நிறுத்திக்க. எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு."

"எங்கப்பா போட்ட தளம் அது. என் கை அங்க இருக்கு. நான் மட்டும் தெருவுலயா?"

"அப்ப சிவப்பை எடுத்திருக்கலாமே."

"சிவப்பு எனக்கு வேணாம்," என்றாள் வெர்லீன், குரல் இறங்கி. "எனக்கு இந்த வண்டியும் வேணும், அந்த இடமும் வேணும். பேராசைதான். இருக்கட்டும். தெருவுல நிறுத்திட்டு, அவன்கிட்ட நேரா நின்னு சொல்லிடறேன்."

அவள் முன்னால் போக, ஹார்லன் பிக்கப்பில் பின்னால் வந்தார்.

அண்ணன் வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. தளம் முழுக்க ஃபோர்டு வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் ஓரிடம் மட்டும் காலி. விலா எலும்புக்கறி புகைந்துகொண்டிருந்தது. வருஷா வருஷம் நடக்கிற விளையாட்டும் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். வருகிற வண்டி எது என்று காதால் கேட்டே சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. தப்பாகச் சொன்னவர் அந்த வண்டியை அங்கேயே கழுவித் துடைக்க வேண்டும். கிளியோ இதுவரை வாளியைத் தொட்டதே இல்லை. கறியைத் திருப்பிக்கொண்டே, தெருவைப் பார்க்காமல், போகிற வண்டிக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டிருந்தான்.

வெர்லீன் நிறுத்த இடம் தேடி வீட்டின் முன்னால் மெதுவாக்கினாள். எஞ்சின் தளதளவென்று கொதித்தது.

கிளியோ இடுக்கியை உயர்த்தினான். "யாரும் பேசாதீங்க!" தலையைச் சாய்த்தான். முகம் மலர்ந்தது. "வந்துட்டா! கேளுங்கய்யா இந்தக் குரலை. இது நம்ம ரத்தம்! இந்தக் கையால கதவு மாட்டின வண்டி! பாப்பா, இடம் வச்சிருக்கேன், மேல ஏத்து!"

தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் வாயருகே கொண்டுபோன எலும்போடு அப்படியே இருந்தார்கள். சட்டம் சட்டம்தான்; ஒருவரும் மூச்சு விடவில்லை. வெர்லீன் தெருவையும் தளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவில் ஒடெஸ்ஸா, தொப்பி விளிம்புக்குக் கீழே, "ஏத்து, ஏத்து" என்று விரலை ஆட்டினாள்.

வெர்லீன் திருப்பினாள்.

கத்தரிப்பூ நிறச் சேலஞ்சர் அப்பாவின் கான்கிரீட்டில் ஏறி, காலியான இடத்தில் போய் நின்றது. கிளியோ சிரித்த முகத்தோடு திரும்பினான். இடுக்கி கீழே விழுந்தது.

"இது என்ன?"

"நீ சொன்ன வண்டி, அண்ணே."

அவ்வளவுதான். கூட்டம் வெடித்தது. ஒருவன் புல்தரையில் உருண்டான். "வாளி! வாளியைக் கொண்டாங்க!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள்.

"திருட்டுத்தனம்!" என்று கிளியோ குதித்தான். "எவனோ புகைக்குழாயை மாத்தியிருக்கான்!"

"முன்னால வச்சிருந்தவன் மாத்தியிருக்கான். விளையாட்டுல குழாய்க்குச் சட்டம் ஏதாவது இருக்கா?"

"மறுபடி ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினாள். கிளியோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். சிரிப்பு அடங்கியது. அவன் வெகுநேரம் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு, சனியன்," என்றான் கடைசியில். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அந்தச் சிவப்பு வண்டிக் கதவு நான் மாட்டினதா இருக்கும், பாப்பா," என்றான்.

வெர்லீன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். முழங்காலைச் சாக்காகச் சொல்லிவிடலாம், அண்ணன் நம்புவான். ஆனால் அவளுக்கு அது வாயில் வரவில்லை.

"தெரியும். அந்தக் கதவை மூடும்போதெல்லாம் உன்னை நினைச்சேன். நல்ல வண்டி. முழங்கால் ஒத்துக்கல. ஆனா ஒத்துக்கிட்டிருந்தாலும் நான் இதைத்தான் எடுத்திருப்பேன். இதுதான் என் வண்டி. வேற வண்டியோட உன் பக்கத்துல நின்னா, அங்க நிக்கிறது நானா இருக்காது. தெருவுக்கு எடுன்னா இப்பவே எடுக்கறேன்."

கிளியோ அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். அகலமான முன்சக்கரம் ஐந்து சின்ன விரல்களை ஒட்டி, அவற்றின் மேல் ஏறாமல் நின்றிருந்தது. அவள் அத்தனை தடுமாற்றத்திலும் பார்த்துத்தான் நிறுத்தியிருந்தாள்.

"தெருவுக்கு எடுத்தா எப்படிக் கழுவறது?" என்றான் எரிச்சலாக. "தண்ணிக்குழாய் இங்கதானே இருக்கு."

சட்டைக் கையை மடித்துவிட்டான். வாளியும் நுரையும் வந்தன. கூட்டம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சிவப்பு சோடாவைக் குடித்தபடி, திருவிழா பார்க்கிற மாதிரி பார்த்தது. அரைகுறையாகச் செய்ய அவனுக்குத் தெரியாது. சக்கர இடுக்கெல்லாம் கழுவினான். படுத்து அடியில் பார்த்து, துரு இல்லை என்று அவனே அறிவித்தான். பிறகு கதவு வழியாகக் குனிந்து பின்னிருக்கையைத் துடைக்கப் போனவன், இரண்டு விரலால் எதையோ தூக்கிப் பிடித்தான். ஊதா நிற இறகு.

"ஒடெஸ்ஸா!"

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் ஒடெஸ்ஸா, தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

ஹார்லன் இத்தனை நேரமும் தெரு ஓரத்தில் பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றிருந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். கிளியோ நிமிராமல், துடைத்துக்கொண்டே குரல் கொடுத்தான்.

"மாப்ளே, உன் பழைய சட்டியும் அழுக்காத்தான் கிடக்கு. மேல ஏத்து. ஒரே தண்ணியில ரெண்டையும் முடிச்சிடறேன்."

ஹார்லனுக்குக் காதில் விழுந்தது நிஜம்தானா என்று புரியவில்லை. வெர்லீனைப் பார்த்தார். அவள் வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"போங்க," என்றாள். "அவன் மனசு மாறுறதுக்குள்ள போங்க."

யாரோ ஓடிப்போய்த் தன் ஃபோர்டைத் தெருவுக்கு எடுத்து இடம் விட்டார். பிக்கப் தளத்தின் ஓரம் வரை வந்து ஒரு கணம் தயங்கியது. பிறகு முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரமும் ஏறியது. இந்த முறை யாரும் கத்தவில்லை, கை தட்டினார்கள். கிளியோ பஞ்சைப் பிழிந்துகொண்டு, "விளக்கை அணைய்யா, கண்ணு கூசுது," என்றான்.

அந்த வருஷம் அவர்கள் உட்வர்டுக்குப் போய்ச் சேரும்போது பாதி ஊர்வலம் முடிந்திருந்தது. வெர்லீன் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினாள். பக்கத்தில் ஹார்லன். பின்னால் ஒடெஸ்ஸா, தொப்பியோடு. அவளுக்குப் பக்கத்தில், தன் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, சத்தத்தைச் சரியாகக் கேட்டுவைக்க வேண்டும் என்று சொல்லி ஏறிக்கொண்ட கிளியோ.

"ஒடெஸ்ஸா, தள்ளி உக்காரு. இறகு மூக்குல குத்துது," என்றான்.

"மிஸ், இவர் என்னைத் தள்ளுறார்," என்றாள் ஒடெஸ்ஸா.

வெர்லீன் ஒரு மிதி மிதித்தாள். இரண்டு பேரும் இருக்கையோடு ஒட்டிக்கொண்டார்கள்.