கேட்டல் தேர்வில் சாந்தாமணி

எங்கள் ஊரில் ஆங்கிலத்தில் இடைநிலையில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் தேர்வு வைப்பார்கள். தேறாவிட்டால் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று போய்விடும். முதல் தடவை நான் தோற்றபோது மேற்குச் சுவர் போனது. போன வருடம் ஃப்ரிட்ஜ் போனது. யாரும் வந்து தூக்கிக்கொண்டு போவதில்லை. அதுவாகவே வாசலுக்கு வந்தது. படியில் பார்த்து இறங்கியது. தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டது. உள்ளே அரைத்த மாவு வேறு இருந்தது.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வருகிற பனியனை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை தேட வேண்டும். வருடக்கணக்கில் ஓட்டை தேடியவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் கண் சும்மா இருக்காது. தட்டில் விழுகிற தோசையைக்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பேன்.

எனக்கு இந்தத் தேர்வின்மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். ஊரில் அடிப்படை நிலைக்காரர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. உயர்நிலைக்காரர்களும் நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாம் புரியும். நடுவில் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் பாதி புரிகிறது. பாதி மட்டும் புரிந்தால் சந்தேகம் வராமல் வேறு என்ன வரும்?

இந்த வருடம் தேர்வு நடந்த கட்டடத்துக்கு முன்வாசல் கிடையாது. பின்வாசல் வழியாக நுழைந்து, அங்கிருந்து இன்னும் பின்னால் போனேன். ஜெசிந்தா மிஸ் நின்றிருந்தார். எல்லா வருடமும் தேர்வு நடத்துவது அவர்தான். அவருக்கு வயதாவதே இல்லை. அதையும் நான் கவனித்து வைத்திருக்கிறேன்.

"பேரு?"

"சென்னியப்பனுங்க."

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கறனுங்க மிஸ். நீங்க?"

"தேர்வு ஆரம்பிச்சிருச்சு. தமிழ்ல பதில் சொல்லிட்டீங்க," என்று எதையோ குறித்துக்கொண்டார்.

முதலில் கேட்டல் தேர்வு. காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன் கொடுத்தார்கள். சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

பதிவு ஓட ஆரம்பித்தது. முதலில் தண்ணீர் சொட்டும் சத்தம் வந்தது. எங்கள் சமையலறைக் குழாய் அது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டும். சொட்டுக்குச் சொட்டு ஒரு விக்கல் விக்கும். ஊரில் வேறு எந்தக் குழாயும் அப்படி விக்காது.

அப்புறம் ஓர் ஆணின் குரல் கேட்டது. அந்த ஆளை எனக்குத் தெரியும். இடைநிலைக்காரர்கள் எல்லோருக்குமே தெரியும். பயிற்சிப் பாடங்களில் வருகிறவன். நூலகத்துக்கு வழி கேட்பான். ரயில் நிலையத்தில் குடையைத் தொலைத்துவிட்டு அடையாளம் சொல்வான். ஓட்டலில் சூப் ஆறிப்போய்விட்டது என்று பணிவாகப் புகார் செய்வான். இத்தனை வருடமாக ஒருத்தனுக்கு நூலகம் கிடைக்கவில்லை என்றால் அவன் தேடுவது நூலகம் இல்லை என்று எனக்கு எப்போதோ பட்டுவிட்டது. இப்போது என் சமையலறையில் நிற்கிறான்.

"உங்களோடு சிறிது நேரம் பேசலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"நிச்சயமாக. தயவுசெய்து உட்காருங்கள்," என்றது ஒரு பெண்குரல். அதுவும் ஆங்கிலம்தான். சாந்தாமணியின் குரல்.

சாந்தாமணி என் மனைவி. அவள் ஆங்கிலம் பேசி நான் கேட்டதே இல்லை. இப்போதெல்லாம் வீட்டில் தமிழும் குறைவுதான்.

"உங்கள் கணவர் இந்த முறை தேறாவிட்டால் வீட்டைவிட்டுப் போக வேண்டியது நீங்கள்தான். அது உங்களுக்குத் தெரியுமா?" என்றான் அவன்.

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

சாந்தாமணி அதற்கு நீளமாகப் பதில் சொன்னாள். வேகமாகச் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் சிரித்தாள். 'அவர்', 'எப்போதும்', 'திங்கள்கிழமை' ஆகிய சொற்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன. குழாய் ஒருமுறை விக்கியது. பதிவு முடிந்துவிட்டது.

வினாத்தாளில் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பெண்ணின் மனநிலை என்ன? வருத்தம், மகிழ்ச்சி, பதிவில் கூறப்படவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"மிஸ், இது என் சம்சாரமுங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"நெசமாலுமே என் சம்சாரமுங்க மிஸ்."

"இன்னொரு தடவை போடுறேன். குரலைக் கேக்காதீங்க. தகவலைக் கேளுங்க."

அடுத்த தடவை ஓடியதும் அதே பதிவுதான். ஆனால் நடுவில் நாற்காலி இழுக்கும் சத்தம் புதிதாக இருந்தது. கிட்டத்தில் இழுத்துப் போட்டானா, தள்ளிப் போட்டானா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. சாந்தாமணி முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்த மாதிரி இருந்தது. நான் தேற மாட்டேன் என்று சந்தோஷப்படுகிறாளா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிவில் கூறப்படவில்லை என்பதற்கு நேராக டிக் போட்டேன். அழுத்தியதில் பென்சில் முனை உடைந்துபோனது.

"மறுபடி போடுங்க மிஸ்."

"அவ்வளவுதான். இனி பேச்சுத் தேர்வு. நடைகூடத்துல நேரா போங்க."

அந்த நடைகூடம் ஆளுக்குத் தகுந்த நீளம். சரளமாகப் பேசுகிறவர்கள் நாலு எட்டில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். திக்குகிறவர்களுக்கு நடக்க நடக்க வளரும். நான் ரொம்ப நேரம் நடந்தேன். வழியில் எங்கள் மேற்குச் சுவர் நின்றிருந்தது. அதற்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நலமா என்று ஆங்கிலத்தில் விசாரித்தேன். அது வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

கடைசியில் ஒரு பெஞ்சு வந்தது. அதில் சாந்தாமணி உட்கார்ந்திருந்தாள். விசேஷத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலை. மடியில் கைப்பை.

"நீ எங்க புள்ள இங்க?"

"பேச்சுத் தேர்வுக்கு ஜோடி வேணும்னு கூப்புட்டாங்க. நீங்க சொல்லலீங்களா?"

"நான் யாருகிட்டயும் சொல்லல. நீ இங்கிலீசு எப்பக் கத்துக்கிட்ட?"

"நீங்க பாடத்தப் போட்டுப்போட்டுத் தூங்கிருவீங்க. அது பாட்டுக்கு ஓடிட்டுக் கெடக்கும். நான் பாத்தரம் கழுவிட்டே கேப்பேனுங்க."

"அந்த ஆளு யாரு?"

"எந்த ஆளுங்க?"

"அதான், நூலகத்துக்கு வழி கேக்கறவன்."

"அவரா? பாவமுங்க. இத்தன வருசமாக் கேக்கறாரு, ஒருத்தரும் ஒழுங்காச் சொல்ல மாட்டேங்கறாங்க. நாந்தான் சொன்னேன்."

"என்னன்னு சொன்ன?"

"நேராப் போயி எடது பக்கம்னு."

"நூலகம் வலது பக்கமல்ல இருக்குது!"

"அது நம்மூரு நூலகமுங்க. அவரு கேட்டது அவிங்க ஊரு நூலகம்."

அந்தப் பதிலில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. ஓட்டை தென்படாத பனியனைத்தான் நான் திரும்ப ஒருமுறை விரித்துப் பார்ப்பேன்.

"சமையக்கட்டுல அவன்கிட்ட என்ன சொல்லிச் சிரிச்ச?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கதவு திறந்தது. உள்ளே ஜெசிந்தா மிஸ் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க. இதுக்குமேல தமிழ் கூடாது. ஒரு வார்த்தை வந்தாலும் ஃபெயில்தான். என்ன பேசுறீங்கன்னு பார்க்க மாட்டோம். எப்படிப் பேசுறீங்கங்கறதுக்குத்தான் மார்க்."

அறையின் கோடியில் ஒருவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்கு நடுவில் ஒரு குடை இருந்தது. அவர் மதிப்பீட்டாளர் என்றும், பேச மாட்டார், கேட்க மட்டும் செய்வார் என்றும் ஜெசிந்தா மிஸ் ஆங்கிலத்தில் அறிவித்தார். குடை கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மேசைமேல் ஒரு படத்தை வைத்தார். மேற்குச் சுவர் இல்லாத ஒரு வீடு. இருவரும் இதைப் பற்றிக் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றார்.

"இந்தப் படத்தில் ஒரு வீட்டைக் காண்கிறேன்," என்று ஆரம்பித்தேன். "வானிலை இனிமையாக உள்ளது."

சாந்தாமணி காத்திருந்தாள்.

போகாதே என்று சொல்ல வேண்டும். இந்தத் தடவை எப்படியாவது தேறிவிடுகிறேன், நீ மட்டும் இரு என்று சொல்ல வேண்டும். அதற்கான ஆங்கிலம் என்னிடம் இல்லை. ஓட்டலில் அறை பதிவு செய்யத் தெரியும், சூப்பைப் பற்றிப் புகார் செய்யத் தெரியும். கெஞ்சுவதற்கான பாடம் உயர்நிலையில்தான் வருகிறது. இருப்பதற்குள் கிட்டத்தட்ட அந்த அர்த்தத்தில் இருந்த ஒன்றைச் சொன்னேன்.

"இரண்டு பேருக்கு ஒரு மேசை வேண்டும். ஜன்னல் ஓரமாக இருந்தால் நல்லது."

சாந்தாமணியின் கண் ஒரு நொடி கலங்கியது. அப்புறம் நீளமாக ஏதோ சொன்னாள். அது சமையலறைப் பதிவில் வந்த அதே பதில்தான். அதே நீளம், அதே வேகம். அதே இடத்தில் சிரிப்பு. பக்கத்தில் இருந்து பார்த்தால் அது சிரிப்பு மாதிரி இல்லை.

"மன்னிக்கவும். தயவுசெய்து அதை மீண்டும் ஒருமுறை சொல்ல முடியுமா?" என்று கேட்டேன்.

ஜெசிந்தா மிஸ் உடனே மதிப்பெண் போட்டார். புரியாதபோது பணிவாகத் திரும்பக் கேட்பது இடைநிலையில் மிகவும் எதிர்பார்க்கப்படும் திறன் என்றார்.

சாந்தாமணி மீண்டும் சொன்னாள். இந்தத் தடவை மெதுவாகச் சொன்னாள். போவது பற்றிச் சொல்கிறாள் என்பது வரை பிடிபட்டது. நான் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டேன். மறுபடியும் மதிப்பெண் விழுந்தது. சுவரைப் பார்த்திருந்தவர் தொண்டையைச் செருமினார்.

சாந்தாமணி என் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். சமையலறையில் அவனுக்குச் சொன்னதையே, குழந்தைக்குச் சோறு உருட்டிக் கொடுப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அவர் தேறினாலும் நான் திங்கள்கிழமை போகிறேன். உங்களோடு அல்ல. யாரோடும் அல்ல. அவர் எப்போதும் எதையாவது தேடுவார். இதிலும் தேடுவார். ஆனால் இதில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. எனக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்."

ஒரு சொல் விடாமல் புரிந்தது. ஆங்கிலம் எனக்கு அவ்வளவு தெளிவாக எப்போதும் புரிந்ததில்லை. 'போகாத, புள்ள' என்று தொண்டைவரை தமிழ் வந்துவிட்டது. விழுங்கினேன். தமிழில் சொன்னால் ஃபெயில். ஃபெயில் ஆனால் இப்போதே எழுந்து போய்விடுவாள். தேறினால் திங்கள்கிழமை வரைக்குமாவது இருப்பாள்.

"வாழ்த்துகள். இன்னும் ஒரே ஒரு மதிப்பெண் வந்தால் நீங்கள் தேறிவிடுவீர்கள்," என்றார் ஜெசிந்தா மிஸ்.

நான் சாந்தாமணியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"மன்னிக்கவும்," என்றேன். "தயவுசெய்து அதை மீண்டும் ஒருமுறை சொல்ல முடியுமா?"

அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.