முத்திரைக்குக் காது இல்லை

"டாக்டர் உன் நெஞ்சுல கருவி வச்சுப் பார்த்தாரா?"

"எங்கே பார்த்தார்? எங்க மாமாகூடச் சீட்டாடுறவர். முத்திரையைக் குத்தினார், கல்யாணத்துக்குப் பக்லாவா இனிப்பை மறக்காதேன்னார்."

"அப்போ உன் இதயத்துக்கு யார் பொறுப்பு?"

"இனிமே நீதான், ரவ்தா!"

ஆறு வருடங்களுக்கு முன், திருமணத்துக்கான உடல்தகுதிச் சான்றிதழை ஆட்டிக்காட்டியபடி என் கணவர் லுத்ஃபி சொன்னார். அன்று சிரித்தேன். இப்போது ஸ்ஃபாக்ஸ் நகர மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒன்பது நாட்களாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆலிவ் அறுவடையில் ஏணியோடு விழுந்துவிட்டார். காய்களைக் கோதுவதற்காக விரல்களில் மாட்டிய ஆட்டுக்கொம்புகள்கூடக் கழலவில்லை. அடி தலையில்தான். ஆனால் மறுநாளே, "இதயம் ரொம்பப் பலவீனமா இருக்கு" என்றார்கள்.

தலையில் பட்ட அடிக்கு நெஞ்சு ஏன் நோக வேண்டும்? முன்பே இருந்த நோய். அதனால்தான் மயங்கி விழுந்திருக்கிறார். மறைத்துத்தான் எனக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நாளுக்கு ஒருவருக்குத்தான் அனுமதி. நான் எழுவதற்குள் மாமியார் ஹல்லூமா நீல மேலங்கியை மாட்டிக்கொண்டுவிடுவார். வெளியே வந்ததும் டாக்டர் ஒல்ஃபாவோடு குசுகுசுப்பு. என்னைக் கண்டால் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்.

பத்தாம் நாள் காலை, டாக்டரை வழிமறித்தேன்.

"மறைக்காமச் சொல்லுங்க. இது பழைய நோய்தானே?"

"மாமியாரும் மருமகளும் பேசி வச்சுக்கிட்டீங்களா? அவங்களும் தினம் இதையேதான் கேக்கறாங்க. 'பரிசோதிக்காமக் கட்டிவச்சு அந்தப் பொண்ணை ஏமாத்திட்டேனா'ன்னு ஒரே அழுகை."

டாக்டர் கையிலிருந்த ஸ்கேன் தாளை என் பக்கம் திருப்பினார்.

"மூளையில அடிபட்டதும் உடம்பு பதறிப்போய் ஹார்மோனையெல்லாம் ஒரேயடியாக் கொட்டிடுச்சு. அந்த வேகத்துல இதயம் மரத்துப்போச்சு. ரத்தக்குழாய்ல அடைப்பே இல்ல. இன்னிக்கு ஸ்கேன்ல இதயம் நல்லாத் தேறியிருக்கு. பழைய நோய்னா பத்து நாள்ல இப்படித் திரும்புமா? நேத்து ராத்திரி கண்ணைக்கூடத் திறந்தார்."

திரும்பினேன். மாமியார் ஒரு கையை மேலங்கிக்குள் நுழைத்தபடி அப்படியே நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது.

"என்னடி பாக்குற? முத்திரை குத்தினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், அதே ஆட்டுக்கொம்பால குத்துறேன்!" என்றார். கண்கள் மட்டும் தரையை விட்டு எழவில்லை.

அருகில் போய் அந்த நீலத் துணியைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது நாட்களாகக் கேட்காததைக் கேட்டேன்.

"உம்மா, இன்னிக்கு என்னை உள்ளே போக விடுங்க."