ஆரின் ஏறாத கூரை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது என்னுடைய ஏணியால். மடக்கு ஏணி, அலுமினியம். அதைப் பக்கத்து வண்டி ஆரின் இரண்டாம் முறை இரவல் கேட்டபோது மேல்படிகள் இரண்டுக்கு நடுவே ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. மறுநாள் ஏணி திரும்பி வந்தது. வலையும் ஓர் இழை அறாமல் கூடவே வந்தது.

வாங்கிப்போனவன் கூரையில் கால் வைக்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவனுடைய அக்கா வெர்னாவிடம் ஒன்பது நாள் நான் அதைச் சொல்லவில்லை. எழுதுகிறவன் நடப்பதில் தலையிடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். [சமாதானம் அல்ல, சாக்கு. அந்தச் சொல்லை அடிக்காமல் விடுகிறேன்.]

தலைப்பிலேயே ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். தெரிந்துதான் செய்தேன். ஏறவில்லை என்பது இந்தக் கதையில் சின்ன விஷயம்.

2

முதல் தொடக்கம்: "அக்டோபர் மழை ரெட் ரிவர் சமவெளியின் மீது ஒரு சாம்பல் நிறத் துயரமாக —"

வேண்டாம். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் இந்தச் சமவெளிக்குச் சர்க்கரை பீட் கிழங்கு அறுவடைக்கு வந்தவர்களுக்கு மழை என்றால் துயரமில்லை, லீவு. வயல் சேறானால் லாரி இறங்காது. லாரி வராவிட்டால் கிழங்கைக் குவிக்கும் இயந்திரம் நிற்கும். எல்லோரும் அவரவர் கேம்பருக்குள், அதாவது வண்டியில் இழுத்துப்போகும் வீட்டுக்குள், முடங்கிக் காபி குடிப்பார்கள். கூரை ஒழுகுவது அப்போதுதான் கண்ணில் படும்.

இரண்டாம் தொடக்கம்: "வெர்னா ஸ்டட்ஸ்மன் ஒஹாயோவில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்."

இது நிற்கும். அவளுக்கு வயது அறுபத்து நான்கு. தம்பி ஆரினுக்கு ஐம்பத்தொன்பது. நான்கு வருடங்களுக்கு முன் இருவரும் ஒரு பழைய கேம்பரை வாங்கி, பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். குளிர்காலம் அரிசோனாவின் யூமாவில், இலையுதிர் காலம் இங்கே. வேறு வீடு இருவருக்கும் கிடையாது. வெர்னாவுக்கு மட்டும் டேட்டனில் ஒரு மகள் உண்டு.

அந்த மழை நாளில் அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. கூரையின் நட்டநடுவில் இருந்த ஏசியின் மூலையிலிருந்து தண்ணீர் சட்டிக்குள் சொட்டியது.

"டேய் ஆரின், பீன்ஸுக்கு நீ தண்ணி ஊத்த வேணாம். மேலருந்தே ஊத்திக்கிட்டிருக்கு."

"கொஞ்சம் கெட்டியாத்தான்க்கா இருந்துச்சு."

"பேச்ச மாத்தாத. போன வாரம் ஏறிச் சரி பண்ணிட்டேன்னியே?"

"பண்ணினேன். பசை இன்னொரு தடவ பூசணும்போல."

"மேல பலகையப் பாரு, கர்ப்பிணி வயிறு மாதிரி தொங்குது. இன்னொரு மழை உள்ள வந்துச்சுன்னா, வண்டிய வித்துட்டு நான் டேட்டனுக்குப் போறேன். நீ உன் வழியப் பாத்துக்க."

ஆரின் சிரித்தான். வெர்னா சிரிக்கவில்லை.

3

ஆரினை ஒரு சோம்பேறியாக எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். அதுதான் எளிது. பொய் சொல்லும் சோம்பேறித் தம்பி, உழைத்து ஓய்ந்த அக்கா. ஒன்றரைப் பக்கம் அப்படியே ஓடியது. அதற்குமேல் ஆரின் ஒத்துழைக்கவில்லை. மழையில்லாத நாளில் பன்னிரண்டு மணி நேரம் புழுதியில் நின்று லாரிகளுக்குக் கைகாட்டுகிறவனைச் சோம்பேறி என்று எழுதினால் பேனாவுக்கே கூசும்.

இன்னொன்றும் இடித்தது. அந்த வருடம் மேற்பார்வையாளர் அவனை இயந்திரம் ஓட்டக் கூப்பிட்டார். கண்ணாடி போட்ட, கதகதப்பான அறை. ஆரின் கண் சரியில்லை என்று சொல்லி மறுத்துவிட்டான். அந்த அறைக்கு ஓர் இரும்பு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும்.

(அடிக்குறிப்பு, அடிக்குப் போக மனமில்லாமல் இங்கேயே: கூரையில் ஒரு சதுர ஓட்டை. அதன்மேல் ஏசி. நடுவே கேஸ்கெட் என்ற பஞ்சு வளையம். உள்ளேயிருந்து நான்கு நீள போல்ட்டுகள் ஏசியைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கின்றன. கேஸ்கெட் பாதியளவு அமுங்கினால் தண்ணீர் நுழையாது. அதற்குமேல் அமுக்கினால் செத்துப்போகும்.)

4

மறுநாள் காலையும் மழை. துடைக்கத் துணி தேடிய வெர்னா, ஆரினின் படுக்கைக்கு அடியில் கையை விட்டாள். ஷூக்களுக்குப் பின்னால் மூன்று பசைக் குழாய்கள். மூன்றிலும் முனை வெட்டப்படவில்லை.

அவள் கத்தவில்லை. மழை ஓயும்வரை காத்திருந்து என் வண்டிக் கதவைத் தட்டினாள்.

"தம்பி, ஏணி வேணும்."

எடுத்துக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"நல்லாருக்குப்பா. ரெண்டு ஆம்பளைங்க, ஒரு ஏணி. ஒருத்தருக்காச்சும் வாய் இருந்திருக்கலாம்."

அவளே ஏறினாள். ஏசியைச் சுற்றி ஓர் இடத்தில்கூடப் பசையின் சுவடு இல்லை. கேஸ்கெட் மட்டும் ஒரு பக்கம் காகிதம்போல் நசுங்கி, மறுபக்கம் வாய் பிளந்து கிடந்தது. யாரோ மிக வலுவாக, திரும்பத் திரும்ப இறுக்கியிருக்கிறார்கள்.

இறங்கி வந்தபோது ஆரின் மேசையில் காபியை வெறுமனே கலக்கிக்கொண்டிருந்தான்.

"மேல போயிட்டு வந்தேன்" என்றாள்.

ஆரின் கரண்டியை இன்னும் வேகமாகச் சுற்றினான்.

"பசை இல்ல, சரி. போல்ட்ட இந்த முறுக்கு முறுக்கினது யாரு?"

"நாந்தான். நீ வெளிய போனப்புறம், கீழருந்து நாற்காலி போட்டு. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா." கரண்டியைக் கீழே வைத்தான். "மார்ச்சுல யூமாவுல விழுந்துட்டேன்க்கா. நீ துணி துவைக்கப் போயிருந்த. மூணாவது படிதான், ஒண்ணும் ஒடையல. ஆனா அதுக்கப்புறம் ஏணியப் பாத்தாலே காலு என்னுது இல்லாத மாதிரி ஆயிடுது."

"ஏழு மாசமாச்சேடா. ஏன் சொல்லல?"

"சொன்னா நீ டேட்டனுக்குப் போயிடுவ."

"சொல்லாததாலதான்டா போறேன்னேன், மடையா!"

[இந்த வரியை நான் எழுதவில்லை. என் ஜன்னல்வரை கேட்டது.]

வெர்னா எழுந்து போய்ச் சட்டியிலிருந்த நேற்றைய பீன்ஸைச் சூடாக்கினாள். இரண்டு தட்டு வைத்தாள். நாற்பது மைல் தள்ளியிருந்த கடைக்குப் போய்ப் புது கேஸ்கெட் வாங்கிவர மத்தியானம் ஆயிற்று. ஆரினும் கூடப் போனான்.

5

இங்கே ஆரின் பயத்தை வென்று கூரையில் ஏறும் காட்சி வர வேண்டும். எழுதினேன். இரண்டு பக்கம், நன்றாகவே வந்தது. கடைசிப் படியில் அவன் கண்ணைத் திறக்கும்போது சமவெளி முழுக்க —

கிழித்துவிட்டேன். அவன் ஏறவில்லை.

கதைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். அந்த ஏசி நாற்பத்தைந்து கிலோ. வெர்னா ஒருத்தியால் சாய்க்க முடியாது. ஆகவே இந்தப் பத்தியில் ஆசிரியர் கூரைமேல் இருக்கிறார், வியர்வையில் பனியன் நனைந்து.

மறுநாள் காலை பத்து மணி. மேற்கே மேகம் திரண்டிருந்தது. உள்ளே ஆரின் மின்சாரத்தைத் துண்டித்து நான்கு போல்ட்டுகளையும் கழற்றினான். நாங்கள் ஏசியை ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்து அடியில் கட்டை வைத்தோம். ஓட்டை வழியே கீழே அவன் முகம் தெரிந்தது. அதிகாரம் முழுக்க அந்த முகத்தில் இருந்தது.

"ஏணிக்காரரே, பழசச் சொரண்டுங்க. ஒரு துணுக்கு விடாதீங்க. அக்கா, துணிய ஸ்பிரிட்டுல நனச்சுத் தொட."

"தெரியும்டா."

"தெரிஞ்சா அந்த மூலையில கறுப்பா என்ன இருக்கு?"

வெர்னா துடைத்தாள். புது கேஸ்கெட்டை நான்கு பக்கமும் சரியாக உட்காரவைத்து ஏசியை இறக்கியபோது முதல் தூறல் என் கழுத்தில் விழுந்தது.

"இடது பக்கம் ஒரு விரல் தள்ளுங்க… போதும். பிடிச்சுக்குங்க."

கீழே ஸ்பேனர் வேலை செய்யும் சத்தம். ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை, அடுத்தது, அதற்கு எதிர்மூலை. மூலைக்கு இரண்டே சுற்று. அவன் உதடு எண்ணுவது ஓட்டை மூடிவிட்டதால் எங்களுக்குத் தெரியவில்லை. அவன் நிறுத்திய பிறகும் கை இன்னொரு சுற்றுக்குப் போனதாம். பிறகு சொன்னான். ஏழு மாதப் பழக்கம்.

"பாதி அமுங்கியாச்சுடா!" வெர்னா கூரையில் மண்டியிட்டுக் கத்தினாள். "நிறுத்து!"

"நிறுத்திட்டேன்!"

6

மழை மூன்று மணிக்கு வலுத்தது. மறுநாள் விடியும்வரை பெய்தது. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. இதில் உங்களை இழுத்தடிக்க எனக்கு விருப்பமில்லை. கேஸ்கெட் சரியாக உட்கார்ந்தால் தண்ணீர் வராது, அவ்வளவுதான்.

டேட்டன் விஷயம் மிச்சமிருக்கிறது.

முடிவு ஒன்று: வெர்னா மகளிடம் போனாள். இதில் தப்பில்லை. பேரக்குழந்தைகள், உலர்ந்த கூரை.

முடிவு இரண்டு: இருவரும் அரிசோனாவுக்குப் போனார்கள். வாசகர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். பிடிக்கிறது என்பதாலேயே அதன்மேல் சந்தேகம்.

நடந்தது இவ்வளவு. அறுவடை முடிந்த காலையில் வெர்னா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஆரின் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் ஏறினான். விடைபெற நான் ஜன்னலோரம் நின்றேன். வெர்னா சாவியைத் திருப்பவில்லை.

"டேய், நீ ஏற மாட்ட. எனக்கு வர்ற மாசம் அறுவத்தஞ்சு. இன்னும் எத்தன வருஷம் நான் ஏறுவேன்னு நெனக்கிற?"

அவன் பதில் சொன்னான். ஒரே ஒரு வாக்கியம். என் காதால் கேட்டேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன், என் எழுத்தில் அது புத்திசாலித்தனமாக ஆகிவிடுகிறது. அவன் சொன்னபோது அப்படி இல்லை. நீங்களும் யாருடனாவது ஒரே கூரையின் கீழ் இருப்பவராகத்தான் இருப்பீர்கள். அந்த ஆள் உங்களிடம் இதைக் கேட்டதாக வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் கீழே விட்ட இடத்தில் எழுதுங்கள்.

"...................................." என்றான் ஆரின்.

வெர்னா அவன் முழங்காலில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.