லேசான ஸ்டியரிங்

"நிறுத்துக்கா! இன்னும் நுரை வருது," என்று பானெட்டுக்கு அடியிலிருந்து கத்தினான் கர்ட்.

டார்லா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். முன்சக்கரங்கள் ஜாக்கியில் அந்தரத்தில் நின்றன. ஸ்டியரிங் எண்ணெயில் காற்று ஏறினால் இப்படித்தான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பி வெளியேற்ற வேண்டும். கறுப்பு கவுனுக்கு மேல் அப்பாவின் மெக்கானிக் உடுப்பை மாட்டியிருந்தாள். அதில் அப்பா வாசனை அப்படியே இருந்தது. அழுகைதான் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மதியம் அப்பா ஆர்வலின் அடக்கம். அவருடைய கூட்டாளிகளில் யார் செத்தாலும், பெட்டி அவரவர் கையால் கட்டிய வண்டியில்தான் போகும். கான்சாஸில் சோளக்காட்டு நடுவே இருக்கிற அந்தச் சின்ன ஊரில் அதற்கென்றே ஒரு பெருமை. ஆர்வல் கட்டியது ஐம்பத்தொன்றாம் வருடத்து ஷெவர்லே பிக்கப். கூரையைத் தாழ்த்தி, எஞ்சினை மாற்றி, கடைசியாகப் பவர் ஸ்டியரிங்கும் வைத்தார். அதற்கப்புறம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது.

வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் இருவரும் அன்று காலையில்தான் வண்டியை எடுத்துப் பார்த்திருந்தார்கள். தும்மினால்கூடத் திரும்பிவிடும் போலிருந்தது. கர்ட் தபால் பெட்டியில் மோதாமல் மயிரிழையில் தப்பினான்.

"பம்ப் பெரிய வண்டியோடது, ஸ்டியரிங் சின்னக் காரோடது. அழுத்தம் ஜாஸ்தி, அதான் இவ்வளவு லேசாத் திரும்புது. வால்வுல வாஷர் போட்டுக் குறைக்கணும். அப்பா மறந்துட்டார்க்கா."

"அப்பாவா மறப்பாரு?"

"வாஷர் பொட்டலம் பிரிக்காம மேசை மேலயே கிடக்கு பார். இப்படியே பெட்டியை ஏத்தினா, அவரை வாய்க்கால்லதான் அடக்கம் பண்ணணும்."

அப்படித்தான் வாஷரைப் போட்டார்கள். இப்போது நுரையும் ஒருவழியாக அடங்கியது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். வண்டி பிடித்துவைத்தாற்போல் நேராக ஓடியது. அப்பா போனதிலிருந்து முதல் முறையாக டார்லாவுக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

அம்மா லவோன், சவ அடக்கக்காரரிடம் பேசிவிட்டு வந்தாள். உதட்டுச்சாயம் கோணாமல் பூசியிருந்தாள். நேராக டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கம்மா ஏறுற? கர்ட்தான் ஓட்டறான்."

"யாரைக் கேட்டு?"

பக்கவாதம் வந்ததிலிருந்து செத்துக் கிடக்கும் வலக்கையை மடியில் எடுத்து வைத்தாள். எஞ்சினை உயிர்ப்பித்து, இடக்கையால் திருப்பினாள். ஸ்டியரிங் பாதியோடு நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கை வழுக்கியது.

"இது இப்படி இல்லையே. போன வாரம்கூட உங்கப்பனோட ஆத்துப் பாலம் வரைக்கும் ஓட்டினேனே. என்னடா பண்ணீங்க?"

"ரொம்ப லேசா இருந்துதும்மா. பழுதுன்னு நினைச்சோம்," என்றான் கர்ட்.

"பழுதா? உங்கப்பன் தன் வலக்கையை பெல்ட்டால கட்டிக்கிட்டு, ஒத்தக் கையால திருப்பித் திருப்பிப் பாத்தான்டா. எத்தனை தடவை கழட்டி மாட்டினான்னு எனக்குத்தான் தெரியும்."

கர்ட் தரையைப் பார்த்தான். "ஆளுங்க சர்ச்சுல காத்துக்கிட்டிருக்காங்கம்மா. நேரமில்ல..."

"ஜாக்கியைப் போடுடா," என்றாள் டார்லா. ஸ்பானர் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

வாஷரைக் கழற்றி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். சர்ச் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்த கேசரோல் சாப்பாடு ஆறிப்போனது. ஒருவழியாகப் பெட்டியை ஏற்றிக் கட்டினார்கள். லவோன் ஓட்டினாள், வலப்பக்கத்து சீட்டில் டார்லா. ஸ்டியரிங் தண்டில் வலப்புறம் நீட்டிக்கொண்டிருந்த கியர் கம்பியை அம்மாவால் எட்ட முடியாது என்பதை டார்லா அப்போதுதான் கவனித்தாள். கிளம்பும்போது அவளே போட்டுவிட்டாள்.

வண்டி ஊர்ந்து போனது. கல்லறைத் தோட்டத்து வளைவில் லவோன் உள்ளங்கையை மட்டும் வைத்துத் திருப்பினாள். குழியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் பிரேக்கை மிதித்தாள். இனிப் பின்னால் எடுக்க வேண்டும். இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடியே,

"ரிவர்ஸ் போடு, ஆர்வல்," என்றாள்.

டார்லா கையை நீட்டி ரிவர்ஸ் போட்டாள்.