கட்டைவிரலுக்கு ஒரு கழுத்து

அந்தப் பின்னேரம் உப்புக்குளத்து வீட்டின் பின்னறையில் இருந்தவர்கள்: றொட்னி, கையில் மர அரத்தோடு. அவனுடைய அத்தான் எமிலியானுஸ், முக்காலியில். எமிலியானுஸின் மனைவியும் றொட்னியின் அக்காவுமான அன்ரோனெற், கதவு நிலையில் சாய்ந்தபடி, கைப்பைக்குள் பாஸ்போட்டோடு. வெளியே சுவர் நிழலில் ஒரு கழுதை நின்றது. அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

நங்கூரக் கயிறு எமிலியானுஸின் இடது கட்டைவிரலை வள்ளத்தின் விளிம்போடு வைத்து நசுக்கியது மாரிக்கு முன்னர். ஆஸ்பத்திரியில் விரலைக் காப்பாற்றினார்கள். மடிப்பைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது அது அடித்த ஆணி மாதிரி நேராக நின்றது. வலை இழுக்கிற கை போய்விட்டது. மிச்சம் கிற்றார். கலியாண வீடுகளிலும் கோயில் பாட்டுக்குழுவிலும் அதை வாசித்தவன்தான். தலைமன்னார் வீதியில் புதிதாகத் திறந்த விடுதியொன்றில் பின்னேரங்களில் வாசிக்க ஆள் தேடினார்கள். அன்று ஆறு மணிக்கு வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வேலை கிடைத்தால் அன்ரோனெற் வீட்டில் இருப்பாள். கிடைக்காவிட்டால் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவாள். மெடிக்கல் முடிந்துவிட்டது. ஏஜென்சிக்காரன் விடிந்தால் பதில் கேட்பான். பிள்ளைகள் இரண்டையும் யார் பார்ப்பது என்ற கதையை வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை.

கடையில் விற்கிற எந்தக் கிற்றாரிலும், கை பிடிக்கிற கழுத்து அந்த விரலுக்கு ஒத்துவரவில்லை. அதனால்தான் றொட்னி இதில் இறங்கினான். முன்னர் இரண்டு கிற்றார் செய்திருந்தான். இரண்டுக்கும் உருண்டைக் கழுத்து, தன் கைக்குப் பிடித்த மாதிரி. இந்த முறை பழைய அலுமாரிச் சட்டத்துத் தேக்கில் மூன்று துண்டு செதுக்கிக் கொண்டுபோய் அத்தானிடம் கொடுத்தான். ஒன்றுக்குத் தெப்பத்தின் அடி மாதிரித் தட்டை முதுகு. அடுத்தது உருண்டை. கடைசித் துண்டில் நடுவே முகடு எழும்பியிருந்தது, வள்ளத்தின் அடியில் நீளத்துக்கு ஓடுகிற ஏராக்கட்டை மாதிரி. எமிலியானுஸ் முற்றத்தில் காலை அகட்டி நின்று மூன்றையும் பிடித்துப் பார்த்தான். முகடு வைத்ததைக் கையை விட்டு விடவில்லை. கைக்குள் பூட்டின மாதிரி இருக்கிறது என்றான். றொட்னி கழுத்தை அப்படியே செதுக்கினான்.

இன்றைக்குத் தந்தி கட்டிக் கையில் கொடுத்தால், ஆறு தந்தியையும் சேர்த்து அழுத்துகிற எஃப் கோட் பேசவில்லை. நான்கு தந்தி செத்த சத்தம் போட்டது. கட்டைவிரல் முகட்டில் ஏறி வழுக்கியது. எமிலியானுஸ் திரும்பப் பிடித்தான். திரும்ப வழுக்கியது. நெற்றி வியர்த்தது.

“என்ர குரலும் அந்தக் கழுதையின்ர குரலும் ஒண்டு. விரலும் உதவாட்டி என்னெண்டு பிழைக்கிறது?” என்றான்.



றொட்னி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் பிழை பிடிபட்டது. முற்றத்தில் நின்று வெறும் மரத்தைப் பிடித்த மனிதன் அதை மரக்கோல் மாதிரிப் பிடித்திருக்கிறான். கரைக் கடலில் வள்ளம் தள்ளுகிற கம்பை உள்ளங்கை முழுக்கக் கொடுத்து, விரலெல்லாம் சுற்றித்தான் பிடிப்பார்கள். இந்தக் கரையில் பிறந்த எவன் கையில் நீட்டு மரத்தைக் கொடுத்தாலும் அப்படித்தான். றொட்னியும் இதே கரை. அதனால் அவன் கண்ணுக்கும் அது பிழையாகப் படவில்லை. இருந்து வாசிக்கும்போது மணிக்கட்டு மடியும், உள்ளங்கை மரத்தை விட்டு விலகும், கட்டைவிரல் பின்னால் தனியே நிற்கும். மடியாத விரலுக்கு முகட்டில் ஏது இடம்?

முகட்டைச் சீவி, தடித்த தந்திகளின் பக்கமாகச் சரித்துவிட வேண்டும். ஆனால் முகட்டுக்கு நேர் கீழே உருக்குக் கம்பி கிடந்தது. அதை முறுக்கி வைத்தால்தான் தந்திகள் இழுக்கும்போது கழுத்து வளையாது. அது கிடக்கிற பள்ளத்தை உளியால் கையாலேயே வெட்டியிருந்தான். அடி சமமில்லை. எந்த இடத்தில் எவ்வளவு மரம் மிச்சம் என்பது வெட்டினவனுக்கே தெரியாது. இதையெல்லாம் அவன் சொன்னபோது அன்ரோனெற் கேட்டது ஒன்றுதான்: விடுதிக்குப் போகிற பஸ்ஸுக்கு முன்னர் முடியுமா? முடியும் என்றான்.

தந்தியைத் தளர்த்திவிட்டு அரத்தால் இழுத்தான். முகடு மழுங்கியது. இந்த முறை அத்தானை முக்காலியில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லிக் கொடுத்தான்.

“இன்னும்,” என்றான் எமிலியானுஸ்.

அரத்தை வைத்துவிட்டுக் கண்ணாடித் துண்டை எடுத்தான். அது சுருள் சுருளாக மெல்லிய சீவலை எடுத்தது. ஒவ்வொரு இழுவைக்கும் நகத்தால் தட்டிக் காதைக் கொடுத்தான். மரம் மெலிய மெலிய, தொம்மென்ற சத்தம் வற்றிக்கொண்டு வந்தது.

“இன்னும் கொஞ்சம்.”

“நூலளவுதான் கிடக்குது, அத்தான். போனா ஒட்டேலாது.”

எமிலியானுஸ் விரலை வைத்துக் காட்டினான். முனை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. அழுத்தினால் விலகியது.

“நீ நிப்பாட்டினா நான் போறன்,” என்றாள் அன்ரோனெற். “கதையை விட்டிட்டு இழு.”

இழுத்தான். அடுத்த இழுவையில், கழுத்தின் முன்பக்கம் குறுக்கே பதித்த மூன்றாவது பித்தளைக் கட்டைக்கு நேர் பின்னால், தேக்கின் நிறத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு கீறல் வந்தது. தலைமயிர் விழுந்து கிடக்கிறதென்று எண்ணி ஊதினான். போகவில்லை. கம்பி.

எமிலியானுஸும் கண்டுவிட்டான். கிற்றாரை வாங்கி, தந்தியை முறுக்கிச் சுருதி சேர்த்து, எஃப் பிடித்தான். ஆறு தந்தியும் பேசின. சரிவில் கட்டைவிரல் படுத்துக் கிடந்தது. சியில் இருந்து எஃப், எஃப்பில் இருந்து ஜி என்று கையை மாற்றி மாற்றிப் பார்த்தான். ஒரு இடத்திலும் தவறவில்லை. முகத்தில் சந்தோசம் என்று சொல்ல எதுவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாசித்தான்.

“அந்தக் கறுப்பு என்ன?” என்றாள் அன்ரோனெற்.

பொய் சொல்ல றொட்னிக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. கம்பியை முறுக்கினால் மரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும், முறுக்காவிட்டால் கழுத்து வளையும் என்றான்.

“எத்தினை நாள் நிக்கும்?”

“ரெண்டு கிழமை. அவ்வளவுதான்.”

“இண்டைக்கு நிக்குமோ?” என்றான் எமிலியானுஸ்.

“இண்டைக்கு நிக்கும்.”

றேடியோ ஒட்டுகிற ஈயக் கம்பியை எடுத்து, கழுத்தின் முதுகில் மூன்று இடத்தில் அழுத்தி வளைத்தான் றொட்னி. வளைவு கலையாமல் மட்டையில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டான். முன்னர் வடிவம் தெரியாமல் செதுக்கினேன், இப்போது தெரியும், அலுமாரிச் சட்டத்தில் இன்னொரு கழுத்துக்கு மரம் இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னான். உருக்குக் கம்பி மட்டும் கொழும்பிலிருந்து வர வேண்டும்.

“வராட்டி?”

“வரும்.”

“வராட்டி எண்டு கேட்டனான்.”

அன்ரோனெற் மட்டையில் இருந்த கோட்டைப் பார்த்தாள். பிறகு புருசனின் கையைப் பார்த்தாள்.

“இவருக்கு அங்க சரிவந்தா, ஏஜென்சிக்காரனிட்ட ரெண்டு கிழமை கேப்பன். அதுக்கு மேல ஒரு நாளும் கேக்கமாட்டன். நீ ஐஸ் கொம்பனி வேலையை விட்டமாதிரி இதையும் இடையில விட்டிட்டுப் படுத்தியெண்டா, நான் போன பிறகு பிள்ளையளை நீதான் பாக்கவேணும்.”

ஓம் என்றான் றொட்னி.

எமிலியானுஸ் கிற்றாரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னே இறங்கினான். அன்ரோனெற் பின்னால் போனாள். படியில் நின்று திரும்பினாள்.

“உள்ளுக்குப் பூட்டிக்கொண்டு வேலையைப் பார். ஆரும் வந்தா கதைச்சுக்கொண்டு இருப்பாய்.”

றொட்னி கதவைச் சாத்தினான். திறப்பைத் திருப்பிப் பூட்டினான்.