ஸ்கூல் தாத்தா

பள்ளிக்கூடத்துக்காரர்கள் சொல்வதை நான் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லி அனுப்புவார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அதைத்தான் சொல்வார்கள். கடைக்காரன் தன் கத்தரிக்காயைச் சொத்தை என்று சொல்வானா? அதனால்தான் என் பேத்தி இசைப்பிரியாவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று காதில் விழுந்ததும், நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவள் இரண்டாம் வகுப்பு. நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் இருக்கிற ஒரு தனியார் பள்ளி. நாங்கள் இருப்பது முத்தாண்டிக்குப்பத்தில், காலனியில். என் மருமகள் வெண்மதி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸில் சமையல் வேலை செய்கிறாள். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள், சாயங்காலம் அழைத்துக்கொண்டு வருவாள். மகன் நெடுமாறன் மைன்ஸில் கான்ட்ராக்ட். நானும் மைன்ஸ்தான். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரிப் போடுகிற வேலை. பர்மனென்ட் ஆக்குகிறோம் என்று வருடா வருடம் சொன்னார்கள். கான்ட்ராக்ட்டாகப் போனேன், கான்ட்ராக்ட்டாகவே வீட்டுக்கு வந்தேன். யாரையும் நம்பாமல் இருக்க அங்கே நன்றாகப் பழகிக்கொண்டேன்.

கூட்டத்துக்கு நானும் வருகிறேன் என்று சொன்னபோது வெண்மதி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, அங்கே அப்பா அம்மாவைத் தவிர யாரையும் விடமாட்டார்கள் மாமா என்றாள். நெடுமாறனும் அதையே சொன்னான். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். அதுவே எனக்கு உறுத்தியது.

நான் போக நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளை தினமும் சாயங்காலம் என்னிடம்தான் படித்துக் காட்டுவாள். எனக்குப் படிப்பு மூன்றாவது பாதியோடு நின்றுபோனது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளை தெரிந்து படிக்கிறதா, தெரியாமல் ஓட்டுகிறதா என்பது குரலிலேயே தெரியும். அவள் சொற்களை முழுங்கிக்கொண்டு ஓடினால், காது கேக்கல, இன்னொரு வாட்டி படி என்பேன். என் காது நன்றாகத்தான் கேட்கும். மறுபடி படிக்கும்போது அவளே நின்று, விரலை வைத்து, சரி செய்துகொள்வாள். ஒரு பக்கம் முடிந்ததும், அப்புறம் என்னா ஆச்சு என்று கேட்பேன். சொல்லிக்கொடுக்கிற எண்ணமெல்லாம் இல்லை. கதையில் வருகிற யானைக்குட்டி ஆற்றைத் தாண்டியதா இல்லையா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

கழித்தல் கணக்குக்குப் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டி வைப்பாள். உதிரிக் கொட்டை போதாவிட்டால் ஒரு கூறைக் கலைக்க வேண்டும் என்று எனக்கு விளக்குவாள். நான் தலையாட்டுவேன். இப்படியே இந்த வருடம் முழுக்க ஓடியது. இவ்வளவு உட்கார்ந்திருக்கிறேனே, டீச்சர் என்ன சொல்கிறார் என்று கேட்க எனக்குப் பாத்தியதை இல்லையா?

சனிக்கிழமை அவர்கள் முன்னால் பைக்கில் கிளம்பினார்கள். நான் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே பஸ் ஏறினேன்.

கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினான். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். இரண்டாம் வகுப்பு இசைப்பிரியாவின் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன் என்றேன்.

"இசைப்பிரியாவா? அவங்க தாத்தா இப்பத்தான் உள்ள போனாரு."

"நான்தான் தாத்தா."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பெயரில் வேறு பிள்ளை இருக்கும், இவன் குழப்பிக்கொள்கிறான் என்று நினைத்துக்கொண்டு நான் நடந்தேன். பின்னால் கார் ஒன்று வந்து ஹாரன் அடித்ததால் அவன் கவனம் அந்தப் பக்கம் போய்விட்டது.

வகுப்பறை கீழேயே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகள் உட்காருகிற குட்டி பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது பெஞ்சில் வெண்மதி, பொங்கலுக்கு எடுத்த புடவையில். அவள் பக்கத்தில் எங்கள் பாப்பா, இசைப்பிரியா. பாப்பாவுக்கு அந்தப் பக்கம் இசக்கிமுத்து. நெடுமாறன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

இசக்கிமுத்துவை எனக்கு நன்றாகத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், பர்மனென்ட். நான் பெல்ட்டுக்கு அடியில் கரி வாரிய காலத்தில் அவர் மேலே கேபினில் உட்கார்ந்திருப்பார். இந்த வருடக் கடைசியில் ரிட்டயர். சம்சாரம் தவறிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். வெண்மதி சமைப்பது அவர் குவார்ட்டர்ஸில்தான். முதலாளிக்குத் துணையாக வந்திருக்கிறாளா, இல்லை அவர் இவர்களுக்குத் துணையாக வந்திருக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

எழில்மதி என்று ஒரு டீச்சர், சின்னப் பெண். நன்றாகத்தான் பேசினாள். இந்த வயதில் பிள்ளைகள் எழுத்துக் கூட்டுவதை விட்டுவிட்டு அர்த்தம் தெரிந்து படிக்கத் தொடங்குவார்கள், அதில் தடுமாறினால் மூன்றாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் தடுமாறுவார்கள் என்றாள். கடிகாரம் பார்ப்பது, பத்தைக் கலைத்துக் கழிப்பது, சொந்தமாக நாலு வாக்கியம் எழுதுவது, எல்லாம் சொன்னாள். வீட்டுப்பாடத்தை நீங்கள் எழுதிக்கொடுத்து அனுப்பாதீர்கள், உங்கள் கையெழுத்து எங்களுக்குத் தெரியாதா என்றாள். சிலர் சிரித்தார்கள், சிலர் குனிந்துகொண்டார்கள்.

பிறகு, வீட்டில் எப்படி உதவ வேண்டும் என்பதற்கு நம் வகுப்பிலேயே ஒரு ஆள் இருக்கிறார் என்றாள். இசைப்பிரியா நிறையச் சொல்லியிருக்கிறாளாம். அவள் தாத்தா தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாராம். தப்பாகப் படித்தால் திட்டமாட்டாராம், காது கேட்கவில்லை இன்னொரு தடவை படி என்பாராம். பக்கம் முடிந்ததும் அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பாராம். இதைவிட நல்ல முறையை நான் பயிற்சியில்கூடப் படித்ததில்லை என்றாள் டீச்சர். சொல்லிவிட்டு இசக்கிமுத்துவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த ஆள் மறுப்பார் என்று பார்த்தேன். ஒரு நொடி தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பிள்ளைங்கள அவசரப்படுத்தக் கூடாது டீச்சர். அதான் விசயம்" என்றார். அதோடு நிறுத்தினாரா, பக்கத்து பெஞ்சுக்காரர் ஏதோ சந்தேகம் கேட்க, அவருக்கும் விளக்கம் சொன்னார். டிவியை அணைத்துவிட வேண்டுமாம். பொறுமை வேண்டுமாம். நெடுமாறன் சுவரோரம் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

என் நிழல் உள்ளே விழுந்திருக்க வேண்டும். டீச்சர் ஜன்னலைப் பார்த்து, யாருங்க ஐயா, என்ன வேணும் என்று கேட்டாள். எல்லாத் தலையும் திரும்பியது. வெண்மதி முகம் வெளுத்துப்போனது. பாப்பா என்னைப் பார்த்ததும் சிரித்தாள். உடனே அம்மா முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நெடுமாறன் வாயைத் திறப்பான் என்று காத்திருந்தேன். அவன் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தான்.

"தண்ணிக் குழா எங்க இருக்குதுங்க?" என்றேன்.

டீச்சர் நல்ல பெண். இசைப்பிரியா, ஐயாவுக்குக் குழாயைக் காட்டிவிட்டு வா என்று சொன்னாள்.

பாப்பா எழுந்து வெளியே வந்தாள். எனக்கு முன்னால், கொஞ்சம் தள்ளியே நடந்தாள். திருப்பத்தைத் தாண்டி ஜன்னல் மறைந்ததும்தான் என் கையைப் பிடித்தாள்.

"ஏன் தாத்தா வந்த? அம்மா திட்டும்."

"உள்ள உக்காந்துக்கினு இருக்காரே, அவரு யாரு பாப்பா?"

"அவரு ஸ்கூல் தாத்தா. நீ வூட்டுத் தாத்தா."

"அப்படீன்னு யாரு சொன்னது?"

"அப்பா."

அவள் அதைச் சொன்ன விதத்தில் கள்ளம் எதுவும் இல்லை. ஸ்கூல் பை, வீட்டுப் பை என்று சொல்வதுபோலச் சொன்னாள். குழாயைத் திறந்துவிட்டாள். நான் குடித்தேன். சட்டையெல்லாம் நனைத்துக்கொள்கிறாய் என்று அதட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

அன்று சாயங்காலம் அவர்கள் வரும்வரை நான் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வெண்மதி நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள். நெடுமாறனை உட்கார வைத்துக் கேட்டேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தான். பள்ளியில் சேர்க்கப் போனபோது, வீட்டில் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்களாம். அங்கே வந்தவர்களெல்லாம் இன்ஜினியரும் ஆபீசருமாம். வெண்மதி சட்டென்று, தாத்தா மைன்ஸில் பர்மனென்ட், நன்றாகப் படித்தவர் என்று சொல்லிவிட்டாளாம். அப்புறம் ஒரு நாள் தாத்தாவை அழைத்து வாருங்கள் என்றதும் இசக்கிமுத்து சாரைக் கெஞ்சிக் கூட்டிப்போனார்களாம். ஒரு தடவை போனது இரண்டு தடவை ஆனதாம்.

"பாப்பாவுக்காகத்தான்ப்பா. காலனின்னு தெரிஞ்சா அங்க ஒரு மாதிரிப் பாப்பாங்க. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். வெளியாளு பாத்தா தாங்கிக்குவேன். நீ ஏன்டா அப்படிப் பாத்த?"

நாங்கள் வாரிய கரியை மேலே இருந்தவர்கள் தங்கள் கணக்கில் காட்டிக்கொண்டார்கள். அது புதிதில்லை. அவர்கள் எனக்கு என்ன உறவு? இங்கே என் மகனே என்னைத் தூக்கி இன்னொருவர் மடியில் வைத்திருக்கிறான். என் பேத்தி வாயிலிருந்து வந்த என் பேச்சுக்கு அந்த ஆள் கைதட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்.

பாப்பா வழக்கம்போலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு வாய் நிற்கவில்லை. பேரு அந்த ஆளுது, வேலையும் அந்த ஆளுதாவே இருக்கட்டும், நாளையிலிருந்து அங்கேயே படிச்சிட்டு வா என்றேன். அவள் புரியாமல் அம்மாவைப் பார்த்தாள். இப்போதுகூட அம்மாவைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

திங்கட்கிழமை நானே நேரில் போய் இசக்கிமுத்துவிடமும் அதைச் சொன்னேன். சொன்னால் அந்த ஆள் நெளிவார், வாக்கிங், செய்தி என்று சாக்குச் சொல்வார் என்று கணக்குப் போட்டிருந்தேன். பெயர் வேண்டும், பாரம் வேண்டாம் என்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்போது நெடுமாறனுக்குப் புத்தி வரும், என் காலடியில் வந்து உட்காருவான், டீச்சரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்பான். இதுதான் என் எண்ணம்.

இசக்கிமுத்து கதவைத் திறந்ததும் முகம் சுருங்கினார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"வெண்மதி கேட்டுச்சு பெரியவரே, மறுக்க முடியல. அன்னைக்கு உங்கள ஜன்னல்ல பாத்ததுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல" என்றார். அப்புறம் சொன்னார்: "சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு வந்தா இந்த வீட்ல நான் ஒத்தையாத்தான் இருக்கேன். பிள்ளைய அனுப்புங்க. நான் பாத்துக்கிடுதேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கிடந்த பேப்பர், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஒதுக்கி இடம் பண்ண ஆரம்பித்துவிட்டார். நாற்காலியில் பாப்பாவுக்கு உயரம் எட்டாது என்று ஒரு தலையணையைக் கொண்டுவந்து போட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்ன வார்த்தையை எப்படித் திருப்பி வாங்குவது என்று தெரியவில்லை.

வீட்டில் யாராவது தடுப்பார்கள் என்று பார்த்தேன். வெண்மதி, சாருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும் மாமா, நீங்கள் சொன்னது நல்லதுதான் என்றாள். கோபத்தில் சொன்னதை யோசனை என்று எடுத்துக்கொண்டாள். நெடுமாறனுக்கு முகம் தெளிந்துவிட்டது. சொன்ன பொய் பாதி உண்மையானதில் அவனுக்கு நிம்மதி. என்னிடம் ஒரு வார்த்தை, வேணாம்ப்பா, நீயே கேளு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

இப்போது பாப்பா பள்ளி விட்டு அங்கே போகிறாள். வெண்மதி ராத்திரிச் சமையலையும் அங்கேயே முடித்துக்கொண்டு இருட்டிய பிறகு கூட்டிவருகிறாள். ஒரு நாள் மனசு கேட்காமல், வா பாப்பா, ஒரு பக்கம் படி என்று கூப்பிட்டேன்.

"அங்கியே படிச்சிட்டேன் தாத்தா. தூக்கம் வருது."

தப்பாகப் படித்தால் அவர் உடனுக்குடன் திருத்துகிறாராம். இங்கிலீஷில் ஒரு தடங்கலும் இல்லாமல் படிக்கிறாளாம். நெடுமாறன் சந்தோஷமாகச் சொன்னான். நல்லது என்றேன். வேறு என்ன சொல்வது? பிள்ளை நன்றாகப் படிப்பது எனக்கு மட்டும் கசக்குமா என்ன? ஆனால் அவள் என்ன கதை படிக்கிறாள் என்று இந்த வீட்டில் எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

நேற்று அடுத்த கூட்டத்துக்குத் தேதி சொல்லியிருக்கிறார்கள். நெடுமாறன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு இதமாகப் பேசினான்.

"நீயும் வாயேன்ப்பா. பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்கலாம்."

"வரேன். டீச்சர் கேட்டா என்ன யாருன்னு சொல்லுவ?"

அதற்கும் அவன் யோசித்தான்.