விளிம்பு வரை நரம்பு

தூண்டில் சாமான் கடைக்காரருக்கு மூன்று மாதமாக மதியச் சாப்பாடு இறங்குவதில்லை. கடையில் ஆள் ஓயும் நேரம் பார்த்து, செத்துப்போன தபால்காரன் வந்து நின்றுவிடுகிறான். இடுப்பு வரை நனைந்த கால்சட்டை. கண்ணாடி மேசைமேல் ஊன்றிய கை. எப்போதும் ஒரே கேள்வி.

"அண்ணே, சின்ன இரைக்கு இது சரியா வருமா?"

பேய் என்றால் மிரட்ட வேண்டாமா? இவன் மரியாதையாகக் கேட்டான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பதில் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். தபால்காரன் உயிரோடிருந்தபோது கேட்டது, இரையாக மாட்டும் மூன்று கிராம் ரப்பர் மீனை வீசுவதற்கு ஒரு ரீல். இவர் எடுத்துக் கொடுத்ததும் நல்ல ரீல்தான். நைலான் தூண்டில் நரம்பைச் சுற்றும் உருளை அவ்வளவு இலேசு. ஆனால் கைபேசியில் மச்சானோடு வம்பளந்துகொண்டே, பெரிய மீனுக்குச் சுற்றுவதுபோல் விளிம்பு வரை நரம்பைச் சுற்றித் தள்ளிவிட்டார். உருளை கனத்துப்போனால் அத்தனூண்டு இரை அதை இழுத்துக்கொண்டு எங்கே பறப்பது? நாலு முழம் போவதற்குள் நரம்பு சிக்காகிவிடும். தூரம் எட்டாததால் தபால்காரன் ஆற்றுக்குள் ஒவ்வோர் அடியாக இறங்கியிருக்கிறான். ஓர் அடியில் பள்ளம் இருந்தது.

கால் வழுக்கிவிட்டது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இவரும் கூடச் சேர்ந்து உச்சுக்கொட்டினார். வெட்கங்கெட்ட மனிதர்.

இன்று மதியம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் தபால்காரனின் அக்கா. அவள் தோளுக்குப் பின்னால் அவனும் நின்றான்.

"தம்பி வாங்கினானே, அதே ரீல் ஒண்ணு குடுங்கண்ணே. அவனோடது ஆத்தோட போயிடுச்சு."

"உங்களுக்கு வீசத் தெரியுமாம்மா?"

"அவன் நின்ன எடத்துலயே நின்னு பழகிக்கிறேன். எனக்கு வேற எங்க போகத் தோணும், சொல்லுங்க?"

கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பினார். அதே ரீலை எடுத்தார். உருளையைக் கழற்றி ஊதிப் பார்த்தார், விர்ரென்று சுழன்றது. அதைச் சுற்று இயந்திரத்தில் மாட்டி நரம்பின் நுனியை முடிந்தார்.

முழுக்கச் சுற்றினால் அவள் எதுவும் கேட்கமாட்டாள். பாதியில் நிறுத்தினால் கேட்பாள். கேட்டால் சொல்லியாக வேண்டும். சொன்னால் இந்தக் கடையும் இந்த முகமும் என்ன ஆவது? முழுக்கச் சுற்றினாலோ, இவளும் தண்ணீருக்குள் அடி அடியாக இறங்குவாள். பயத்தில் அவருடைய கை தானாகச் சுற்றிக்கொண்டே போனது. பாதியைத் தொட்டதும் நிறுத்திவிட்டார்.

"பாதிதானே ஆச்சு?" என்றாள் அவள்.

"சின்ன இரைக்கு இவ்வளவுதான்மா சுத்தணும்."

"வீட்ல கொண்டுவந்து காட்டினானே. அவனோடது விளிம்பு வரைக்கும் இருந்துச்சே?"

"ஆமாம்மா. அது என் தப்பு. அப்படிச் சுத்தினா இரை தூரமா போகவே போகாது. யாரு வீசினாலும் போகாது."

அவள் கத்துவாள், எதையாவது எடுத்து எறிவாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவிப் பய என் தம்பி" என்றாள். "நரம்பு சிக்காகாம உருளைய எப்ப அமுக்கணும்னு கட்டைவிரலுக்குத் தெரியலேன்னு நெனச்சுக்கிட்டு, தெனமும் வாசல்ல நின்னு வீசி வீசிப் பழகினான். தோல் உரிஞ்சு ரத்தம் வந்துச்சு. அந்தக் கடைக்காரர் தங்கமான மனுஷன்க்கா, என் விரல்தான் ஒதவாதுன்னு சொல்லிட்டு அன்னிக்கு ஆத்துக்குக் கெளம்பினான்."

கடைக்காரர் பதறி நிமிர்ந்தார். அவனிடமே சொல்லிவிட வேண்டும், உன் விரல்மேல் குற்றமே இல்லையடா என்று. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். யாருமில்லை. மேசையைச் சுற்றி ஓடிப்போய்க் கதவைத் திறந்து தெருவில் இரண்டு பக்கமும் தேடினார்.